பழைய நீள வீட்டில் வயர்லெஸ் அலாரம்: கரண்ட் போனால் கொல்லைக்கதவு ஆஃப்லைன், மழை பெய்தால் வாசக்கதவு கத்துகிறது

ரேழிவாசி:

கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீடு. அகலம் 22 அடி, வாசலிலிருந்து கொல்லை வரை 120 அடி. திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடம், அதன் பின்னால் சமையல்கட்டு, கடைசியில் கொல்லைக்கட்டு. சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடி கனம். போட்டிருப்பது ஜிக்பீ (சென்சார்கள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் ஒரு முறை) செட்: கேட்வே (எல்லா சென்சாரின் சிக்னலையும் வாங்கும் மையப் பெட்டி) 1, கதவு சென்சார் 4, நடமாட்டம் பார்க்கும் பி.ஐ.ஆர். 2, சைரன் 1, ரிமோட் 2. ரவுட்டர் ரேழியில். கேட்வேயும் அதே பலகையில், ரவுட்டரை ஒட்டி.

மேசை மேல் வைத்து பேரிங் (கேட்வேயோடு இணைப்பது) செய்தபோது ஒன்பதும் ஒரே தடவையில் சேர்ந்துவிட்டன. மாட்டிய பிறகுதான் தொல்லை. கொல்லைக்கதவு சென்சார் ஆஃப்லைன் ஆகிறது. சமையல்கட்டில் ஒரு ஸ்மார்ட் பிளக் சொருகினால் சரியாகிவிடுகிறது, ஆனால் கரண்ட் போனால் அதுவும் போச்சு. கரண்ட் வந்த பிறகும் சில நாள் திரும்புவதில்லை. வாசக்கதவு தேக்கு, ரெட்டைக்கதவு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கும்போதே ‘திறந்திருக்கிறது’ என்று காட்டுகிறது. முற்றத்தைப் பார்த்து வைத்த பி.ஐ.ஆர். பகல் ராத்திரி பார்க்காமல் அடிக்கிறது. வீட்டில் பூனை நாய் எதுவும் கிடையாது.

கடைக்காரர் இதைக் கழற்றிவிட்டு 433 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஓடும் செட் போடச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

வெண்ணாறு:

செட்டை மாற்ற வேண்டாம் சார், கேட்வே இருக்கும் இடத்தை மாற்றுங்கள்.

பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. உங்கள் வீட்டில் ரேழியிலிருந்து கொல்லைக்கதவுக்குப் போகும் சிக்னல் நேர்க்கோட்டில் நாலைந்து கனமான சுவரைத் தாண்ட வேண்டும். அதுவும் ஜிக்பீ ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், ஈரத்தைக் கண்டால் அந்த அலைக்கு ஆகாது. கார்த்திகையில் ஊறிப்போன சுண்ணாம்புச் சுவர், சித்திரையில் காய்ந்த அதே சுவரைவிட அதிகமாகச் சிக்னலைத் தின்னும். கூடத்தில் பத்தாயம் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். காலியாக இருக்கும்போது வெறும் மரப்பெட்டி, நெல் கொட்டி நிரப்பினால் இன்னொரு சுவர்.

கேட்வேயைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள், முற்றத்தை ஒட்டிய தூணில் ஆறடி உயரத்தில், சாரல் படாத பக்கமாக. முற்றம் திறந்த வெளி என்பதால் முன்னாலும் பின்னாலும் சிக்னலுக்கு அதுவே வழிவிடும். இரும்பு பீரோ தலையிலோ ஃப்ரிட்ஜ் மேலோ வைக்காதீர்கள். ரவுட்டரிலிருந்து மூன்றடியாவது தள்ளியிருக்கட்டும். வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4-இல் அடித்துக்கொள்ளும். ரவுட்டர் அமைப்பில் சேனலை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து 1 என்று நிறுத்துங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். கேட்வேயில் ஜிக்பீ சேனல் மாற்ற வசதி இருந்தால் 25 வையுங்கள். இரண்டும் இரண்டு கோடியில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஜிக்பீ சேனலை மாற்றினால் பேட்டரி சென்சார்களைத் திரும்ப பேரிங் செய்ய வேண்டி வரலாம். அதனால் அதை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள், எல்லாம் ஓட்டிய பிறகு அல்ல.

இப்போது கரண்ட் விஷயம். ஜிக்பீயில் பேட்டரியில் ஓடும் சென்சார் எதுவும் அடுத்ததன் சிக்னலைக் கைமாற்றிவிடாது. கரண்டில் ஓடுவதுதான் ரிப்பீட்டர். உங்கள் கொல்லைக்கதவு சென்சார் அந்த ஸ்மார்ட் பிளக்கைத் தாயாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் போனால் தாய் செத்தது, பிள்ளை தொங்குகிறது. கரண்ட் வந்ததும் தானாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்த சில சென்சார் சீக்கிரம் தேடுவதை விட்டுவிடும், பட்டனை அமுக்கினால்தான் எழுந்திருக்கும்.

ஆக, ரிப்பீட்டர் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். நம்ம பக்க வீடுகளில் இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும்தான் கொடுத்திருப்பார்கள், சாக்கெட் இருக்காது. சமையல்கட்டு ஃபேன் வரும் சுவிட்ச் போர்டிலிருந்து எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு 5 ஆம்பியர் சாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த சாக்கெட்டுக்கு சுவிட்ச் வேண்டாம், யாராவது பழக்கதோஷத்தில் அணைத்துவிடுவார்கள். ஸ்மார்ட் பல்பை ரிப்பீட்டராக நம்பக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

இன்வெர்ட்டர் பின்பக்கம் யு.பி.எஸ். மோட் சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சாதா மோடில் மாறும் நேரம் கூடுதல். ஒவ்வொரு தடவையும் கேட்வே செத்துப் பிழைக்கும்.

தச்சுப்பட்டறை:

வாசக்கதவு பற்றி மட்டும் சொல்கிறேன்.

சென்சாருக்குள் இருப்பது ரீட் சுவிட்ச்: கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடு. காந்தம் கிட்டே வந்தால் ஒட்டும், விலகினால் பிரியும், அவ்வளவுதான். காகிதத்தில் 15, 20 மி.மீ. வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அது மரத்தில், பக்கத்தில் இரும்பே இல்லாமல், சென்சாரிலும் காந்தத்திலும் போட்டிருக்கும் கோடுகள் நேருக்கு நேர் பார்த்தால். பழைய கதவில் இரும்புப் பட்டை, வளையம், நாதாங்கி என்று சுற்றிலும் இரும்புதான். காந்தத்தின் பாதி பலத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். அங்கே இடைவெளி 5, 6 மி.மீ.க்கு மேல் விடக் கூடாது.

உங்களுடையது குடுமிக் கதவாகத்தான் இருக்கும், அதாவது மேலும் கீழும் மரமுளையில் சுழல்வது, கீல் இருக்காது. குடுமி தேயத் தேயக் கதவு ஒரு பக்கம் சாயும். மழையில் தேக்கு கொஞ்சம் ஊதும், நிலைக்குள் முழுசாக உட்காராது. தாழ்ப்பாள் விழும், ஆனால் கதவு ஒரு விரற்கடை முன்னால் நிற்கும். சென்சார் அதைத் திறந்த கதவு என்றுதான் சொல்லும். சென்சார் மேல் தப்பில்லை.

நீங்கள் சென்சாரை நிலையிலும் காந்தத்தை ஒரு கதவிலும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: காந்தம் இல்லாத மற்ற கதவைத் திறந்தால் அலாரம் அடிக்காது. ரெட்டைக்கதவுக்குச் சரியான இடம் இரண்டும் சேரும் நடுப்பக்கம். உள்பக்கத்தில், மேலிருந்து ஒரு சாண் கீழே, சென்சாரை ஒரு கதவிலும் காந்தத்தை மற்றதிலும் வையுங்கள். எதைத் திறந்தாலும் பிரியும். நிலையோடு சம்பந்தமே இல்லாததால் கதவு ஊதினாலும் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே நகரும். ஒரு கதவில் மட்டும் நடுச்சட்டம் துருத்திக்கொண்டிருக்குமே, அந்த உயரத்துக்கு மற்ற கதவில் ஒரு மரச்சில்லு வைத்து மட்டம் பண்ணிக்கொள்ளுங்கள்.

டபுள் சைடு டேப்பை நம்பாதீர்கள். எண்ணெய் பூசிய தேக்கில் ஒரு மழைக்காலம் தாங்காது. அரை அங்குல மர ஸ்க்ரூ, அதற்கு முன்னால் 1.5 மி.மீ. துளை. துளை போடாமல் முறுக்கினால் பழைய தேக்கில் ஸ்க்ரூ தலை அறுந்துவிடும். சென்சார் முதுகில் ஒரு சின்ன ஸ்பிரிங் பட்டன் இருந்தால் அது டாம்பர் சுவிட்ச். மேடு பள்ளமான இடத்தில் அது முழுசாக அமுங்காது, ‘யாரோ கழற்றுகிறார்கள்’ என்று கத்தும். அதற்கும் அந்த மரச்சில்லுதான் மருந்து.

இடைவெளி பிரச்சினைக்குப் பெரிய காந்தம் வாங்கி ஒட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். கதவு இரண்டு விரல் திறந்த பிறகும் ‘மூடியிருக்கிறது’ என்றே காட்டும்.

அலைவரிசை:

மிச்சம் இருப்பது பி.ஐ.ஆரும் 433-உம்.

முற்றத்தைப் பார்த்து பி.ஐ.ஆர். வைத்ததுதான் தப்பு. வீட்டுக்குள் வைக்கும் பி.ஐ.ஆர். வெப்பம் நகர்வதைத்தான் பார்க்கிறது, ஆளை அல்ல. மேகம் விலகி முற்றத்துத் தரையில் வெயில் விழுந்தால் அடிக்கும், காயப்போட்ட வேட்டி ஆடினால் அடிக்கும், ராத்திரி வௌவால் நுழைந்தாலும் அடிக்கும். முற்றத்துக்கு முதுகு காட்டி, கூடத்திலிருந்து சமையல்கட்டுக்குப் போகும் நடையின் மூலையில், ஏழடி உயரத்தில் மாட்டுங்கள். வருகிறவன் சென்சாரை நோக்கி நடக்கக் கூடாது, அதன் பார்வையைக் குறுக்கே வெட்ட வேண்டும். குறுக்கு நடைதான் அதன் கண்ணில் சீக்கிரம் படும்.

அடுத்தது பல்லி. இதை எந்தக் கையேட்டிலும் பெரிதாக எழுத மாட்டார்கள். டியூப்லைட் பக்கத்தில் மாட்டினால் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி லென்ஸ் மேலேயே ஏறும். ‘பெட் இம்யூன்’ என்று போட்டிருந்தாலும் இதற்கு உதவாது. தூரத்துப் பூனையைக் கழித்துவிடத்தான் அந்த ஏற்பாடு. லென்ஸை அடைத்துக்கொண்டு நகரும் பல்லி அதற்கு யானை மாதிரி. லைட்டிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள். பின்பக்கத் துளைகளை சிலிக்கான் வைத்து அடையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு குடியேறும். உணர்திறன் அமைப்பு இருந்தால் நடுவில் வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் ஒரு தடவை நடந்து பாருங்கள். சுவரின் சூடு உடம்புச் சூட்டை நெருங்கினால் பி.ஐ.ஆருக்கு வித்தியாசம் தெரியாமல் போகும். அந்த நேரத்தில் கதவு சென்சார்தான் துணை.

433 பற்றி. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அலை நீளம் கிட்டத்தட்ட 69 செ.மீ., ஜிக்பீயுடையது 12.5 செ.மீ.; கனமான சுவரை 433 நன்றாகவே தாண்டும். ஆனால் மலிவு செட்டில் பேச்சு ஒருவழிதான். சென்சார் ‘திறந்தது’ என்று கத்திவிட்டுத் தூங்கிவிடும். அலாரம் பெட்டி கேட்டதா என்று அதற்குத் தெரியாது. பேட்டரி செத்துக் கிடந்தாலும் பெட்டி பச்சை விளக்கோடு எல்லாம் சுகம் என்றே இருக்கும். உங்கள் ஜிக்பீ ‘ஆஃப்லைன்’ என்று புலம்புகிறதே, அது குறை இல்லை, அதுதான் அதன் நேர்மை. தவிர, ஈ.வி.1527 சிப் போட்ட சென்சாரும் ரிமோட்டும் மாறாத ஒரே ரகசியக் குறியீட்டைத்தான் அனுப்பும். நகல் எடுக்கும் ரிமோட் கடையிலேயே கிடைக்கிறது. ஒரு தடவை அமுக்கினால் பிரதி. சுவருக்காக மாற்றியே தீர வேண்டும் என்றால் 865–868 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இருவழி செட் பாருங்கள். அது இந்தியாவில் உரிமம் வேண்டாத அலைவரிசை. விலை கூடும்.

சிம் போடும் அலாரம் பெட்டி வாங்கினால் 2ஜியா 4ஜியா என்று கேட்டு வாங்குங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, 2ஜி பெட்டியில் அந்த சிம் செத்த சிம்.

ரேழிவாசி:

எல்லோருக்கும் நன்றி. கேட்வேயைக் கூடத்துக்கு மாற்றினேன், சிக்னல் ஒரு கோட்டிலிருந்து மூன்று கோடு வந்துவிட்டது. இரண்டு கேள்வி. கொல்லைக்கதவு சென்சாரை ஆப்பில் அழித்துவிட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டுமா? கொல்லைக் கடைசியில், வீட்டிலிருந்து இன்னும் 60 அடி தள்ளி இரும்பு கேட் இருக்கிறது. அதற்கு என்ன போடலாம்?

வெண்ணாறு:

அழிக்க வேண்டாம். அழித்தால் பெயரும், ‘கதவு திறந்தால் சைரன் அடி’ என்று ஆப்பில் கட்டியிருக்கும் விதியும் போய்விடும். முதலில் பிளக்கை இன்வெர்ட்டர் சாக்கெட்டில் சொருகிக் கொஞ்ச நேரம் விடுங்கள். சென்சாரைக் கதவிலேயே வைத்துக்கொண்டு ஆப்பில் ‘சாதனம் சேர்’ கொடுத்து, பட்டனை 5 வினாடி அமுக்குங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்டும். அப்புறம் இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு தடவை பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். பேட்டரி சென்சார் நடுவில் தூங்கிவிடும், அதனால்தான் ‘சேர்கிறது’ என்று சுற்றிவிட்டுக் கடைசியில் தோற்கிறது. மேசையில் பேரிங் செய்து எடுத்துப்போனால் சில சென்சார் கேட்வேயையே பிடித்துத் தொங்கும். மாட்டிய இடத்தில் செய்தால் பக்கத்துப் பிளக்கைப் பிடிக்கும்.

முடிந்ததும் கதவைப் பத்து தடவை திறந்து மூடுங்கள், ஆப்பில் பத்தும் விழ வேண்டும். எட்டோ ஒன்பதோ விழுந்தால் பிளக்கைக் கதவுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோங்கள். பிறகு மெயினை அணைத்து அதே பத்து. கடைசியாக ரவுட்டரின் ஃபைபர் கேபிளைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறங்கள். சைரன் அடித்தால் விதி கேட்வேக்குள்ளேயே இருக்கிறது. அடிக்காவிட்டால் அது இணையம் வழியாகச் சுற்றி வருகிறது, ஆப்பில் ‘லோக்கல்’ விதியாக மாற்ற முடிகிறதா பாருங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாவில் கரண்ட் மட்டுமா போனது, செல்போன் டவரும்தான். நெட் இருந்தால்தான் கத்துவேன் என்கிற சைரன் அந்த மாதிரி நாளில் சுவர் அலங்காரம்.

தச்சுப்பட்டறை:

இரும்பு கேட்டுக்கு வயர்லெஸ்ஸே வேண்டாம் தம்பி. வெயிலும் மழையும் இரும்பும் சேர்ந்தால் அந்தச் சின்ன சென்சார் ஒரு வருஷம் வராது. ஷட்டர் கதவுக்குப் போடும் அலுமினிய உறை காந்த சுவிட்ச் கேளுங்கள், கடையில் ஷட்டர் சென்சார் என்றே சொல்வார்கள். ஒன்றிரண்டு அங்குல இடைவெளியையும் தாங்கும். இரும்பில் நேராக வைக்காமல் கீழே அரை அங்குல பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். அங்கிருந்து இரண்டு கோர் வயரை பி.வி.சி. குழாயில் கொல்லைக்கட்டு வரை இழுங்கள். குழாய் இல்லாமல் வயரை விட்டால் எலிக்கும் அணிலுக்கும் விருந்து. வீட்டுக்குள் ஒரு கதவு சென்சார், வெளி வயர் சேர்க்கும் இரண்டு முனை உள்ளதாக வாங்கி அதில் முடுக்குங்கள்.

மூடியிருக்கும்போது சுற்று சேர்ந்திருக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் வயரை எவனாவது அறுத்தாலும் கேட் திறந்த கணக்கில் சைரன் அடிக்கும். குழாயின் கேட் பக்க முனையைத் தரையைப் பார்த்து வளைத்துவிடுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.