தென்னந்தோப்பில் மேயவிட எந்தக் கோழி? சிறுவிடையா, கிராமப்பிரியாவா?

தோப்புக்காரன் (மீனாட்சிபுரம் எல்லை):
இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. ஒரு பக்கம் ஓடை, அதுக்கு அந்தாண்ட புதர். கீரி, மரநாய், வல்லூறு மூணும் நடமாடுது. பகல்ல மேயவிட்டு ராத்திரி அடைக்கிற மாதிரி 40 பெட்டை வேணும். முட்டையும் பாக்கணும், கறிக்கும் ஆகணும். எந்த இனம் தாக்குப்பிடிக்குங்க?

கொண்டைச்சேவல்:
நம்ம சின்ன நாட்டுக்கோழி சிறுவிடைதாங்க, வேற யோசனையே வேண்டாம். பெட்டை ஒரு கிலோ, ஒன்னேகால் கிலோதான் இருக்கும். நின்ன இடத்துலருந்தே எழும்பி வேலி மேல ஏறிடும். நிறத்தையும் பாருங்க. காஞ்ச ஓலைக்கு நடுவுல பழுப்புப் பெட்டை அசையாம உக்காந்துட்டா பத்தடி தள்ளி நிக்கிற ஆளுக்கே தெரியாது. வெள்ளைக்கோழி பருந்துக்கு மேலருந்தே பளிச்சுனு தெரியும்.

முட்டைக்கணக்கு:
சிறுவிடை வருஷத்துக்கு 60லிருந்து 80 முட்டை. 12, 15 இட்டதும் அடைக்கு உக்காந்துடும். 21 நாள் அடை, அப்புறம் ரெண்டு மாசம் குஞ்சோட சுத்தும், அதுவரை முட்டை கிடையாது. கிராமப்பிரியா ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்குன்னே உருவாக்கின ரகம், 200ஐத் தொடும். 40 பெட்டைக்கு வருஷத்துல 5,000 முட்டை வித்தியாசம். அஞ்சாறு கோழி கீரிக்குப் போனாலும் கணக்கு இந்தப் பக்கம்தான்.

கொண்டைச்சேவல்:
அந்தக் கணக்குல தீவனச் செலவைக் காணோமே அண்ணா? மேய்ச்சலை மட்டும் நம்பினா 200 முட்டை வராது. சுண்ணாம்புச் சத்தோட முட்டைக்கோழித் தீவனம் தினமும் வெக்கணும், இல்லேன்னா தோல்முட்டைதான். அதுங்க அடைக்கும் உக்காராது, ஒவ்வொரு தடவையும் குஞ்சு வெலைக்கு வாங்கணும். வனராஜான்னு இன்னொரு புறக்கடை ரகம், அதுக்குக் கால் நீளம், ஓடித் தப்பிச்சிடும்னு சொல்வாங்க. உண்மைதான், ஆனா மக்காச்சோளத்தைத் தின்னு மூணு கிலோ ஆனப்புறம் கால் நீளமா இருந்து என்ன பிரயோசனம்?

கொழிஞ்சாம்பாறை:
இனத்தை மட்டும் பிடிச்சுத் தொங்கறீங்க. தாயில்லாம இன்குபேட்டர்ல பொரிச்சு பல்பு வெளிச்சத்துல வளந்த சிறுவிடைக் குஞ்சும் பருந்து நிழலைப் பாத்தா பேந்தப் பேந்த முழிக்கும். தாய்க்கோழி ஒரு அபாயக் குரல் குடுத்தா குஞ்சு அத்தனையும் ஓலைக்கு அடியில போய் ஒட்டிக்கும். அந்தப் பழக்கம் தாய் பின்னால சுத்தித்தான் வரும்.

தாய்க்கோழிப் பழக்கத்தையும் கிராமப்பிரியா முட்டையையும் சேக்க வழி இருக்கு. சிறுவிடைப் பெட்டை அடையில 18 நாளாவது உக்காந்திருக்கணும். ராத்திரி விளக்கில்லாம, முட்டையை ஒவ்வொன்னா எடுத்துட்டு ஒரு நாள் வயசுக் கிராமப்பிரியாக் குஞ்சு எட்டு, பத்து அடியில விடுங்க. குஞ்சுக்கு ரெண்டு நாளுக்கு மேல ஆயிட்டா தாயோட ஒட்டாது. விடியக்காலையில பக்கத்துல நின்னு பாருங்க, கொத்தினா உடனே பிரிச்சிடணும். ஏத்துக்கிட்டா பத்து நாள் பஞ்சாரத்துல வெச்சு அப்புறம் வெளிய விடலாம்.

கேரளப் பக்கம் தலச்சேரிக் கோழியும் இருக்கு. கருப்பு நிறம், உருவம் சிறுசு, அடைக்கும் உக்காரும். ஆனா முட்டை சிறுவிடையை விடப் பெருசா கூடாது.

ஒத்தைச்சேவல்:
பெருவிடைச் சேவல் (பெரிய சண்டைக்கோழி வகை) ரெண்டு விட்டா கீரி கிட்டயே வராது.

கொழிஞ்சாம்பாறை:
ரெண்டு விட்டா ஒன்னை ஒன்னு கொன்னுடும், கீரிக்கு வேலை மிச்சம். சேவல் ஒன்னு போதும், அதுவும் சண்டைக்கில்ல, கூவி எச்சரிக்கத்தான். நரி வந்தா எந்தச் சேவலும் நிக்காது.

முட்டைக்கணக்கு:
குஞ்சு மாத்தி விடறது நல்ல வழி, ஒத்துக்கறேன். ஆனா சிறுவிடையோட பறக்கிற புத்தியே ராத்திரி வினையாயிடும், அதை யாரும் சொல்லல. பொழுது சாஞ்சா பலா மரத்துல ஏறிடும். மரநாய் மரம் ஏறும். வாங்கின உடனே பத்து நாள் கொட்டகைக்குள்ளயே அடைச்சு வெச்சுத்தான் பழக்கணும். வெளிய விட்டப்புறம் சாயங்காலத் தீனி கொட்டகைக்கு உள்ள மட்டும்தான், அஞ்சரைக்கு ஒரே சத்தம் குடுத்துக் கூப்பிடணும்.

கொண்டைச்சேவல்:
அதுல சண்டையில்லீங்க. கொட்டகைக்கு அறுகோணக் கோழிவலை போடாதீங்க. அது கோழியை உள்ள வெக்கும், நாயை வெளிய வெக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (வெல்டிங் பண்ணின கம்பிவலை) வாங்குங்க. ஒரு அங்குலக் கண்ணா இருந்தா சின்னப் பாம்பு பூந்துடும். சுவரடியில வெளிப்பக்கமா ரெண்டடி அகலத்துக்கு மெஷ்ஷைப் படுக்க வெச்சு மண் மூடுங்க. தோண்டற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும், மெஷ் தட்டினா விட்டுடும். உக்கார்ற கட்டை ரெண்டங்குல அகலம், கோழிக்கு முக்கா அடி நீளம்.

எந்தப் பிராணி கோழியை எடுத்துச்சுன்னு தெரியாம விஷ மருந்து வெக்கிறவங்க உண்டு. அது குத்தம். கீரி, உடும்பு, மரநாய் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. தடயத்தைப் பாருங்க. ஒரே இடத்துல இறகு வட்டமா பிடுங்கிக் கிடந்தா பருந்து, வல்லூறு வகை. இறகு வழிநெடுகச் சிந்திக் கோழி முழுசாக் காணோம்னா நரியா இருக்கலாம். ராத்திரி அடைச்ச கதவு அப்படியே இருக்க, குஞ்சு மட்டும் குறைஞ்சா பாம்பைத் தேடுங்க.

தோப்புக்காரன்:
புதரை வெட்டிடலாமா? குஞ்சு ஒளிய இடம் வேணும்ங்கறீங்க, கீரிக்கும் அதேதானே?

கொழிஞ்சாம்பாறை:
கொட்டகையைச் சுத்தி பத்தடி சுத்தமா இருக்கட்டும், ஓடை ஓரப் புதரையும் அந்த அளவுக்குப் பின்னால தள்ளுங்க. தோப்பு நடுவுல பதினஞ்சடிக்கு ஒன்னுன்னு பட்ட ஓலை நாலஞ்சைக் கூம்பு மாதிரி சாத்தி வைங்க. அடியில முக்கா அடி உயரத்துக்கு வாய் விட்டாப் போதும். மழைக்காலத்துல அதுக்குள்ள பாம்பு தங்கும், வாரம் ஒரு தடவை குச்சியால தள்ளிக் கலைச்சுக் கட்டணும்.

முட்டைக்கணக்கு:
கிராமப்பிரியாக் குஞ்சு வாங்கறீங்கன்னா வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து ரெண்டு தடவை போடணும்: முதல் வாரம் லசோட்டா, எட்டாவது வாரம் ஆர்டூபி. வெள்ளைக்கழிச்சல் வந்தா கீரிக்கு எதுவும் மிஞ்சாது.