கீல் போல்ட் வழியாக வந்த கசிவு

எங்கள் பாய்மரப் படகின் பில்ஜில், அதாவது உள்ளே அடியிலுள்ள பள்ளத்தில், தினமும் ஒரு குவளை தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்தது. மழைத் தண்ணீரா, குடிநீர்த் தொட்டியா என்று குழம்பி, கடைசியில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. பில்ஜைத் துணியால் ஒற்றிக் காயவிட்டு, கீலை (படகு கவிழாமல் இருக்க அடியில் பொருத்தியிருக்கும் கனமான பாகம்) உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றி டால்கம் பவுடர் தூவி வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், முன்னாலிருந்து இரண்டாவது போல்ட்டின் வாஷருக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒரே ஒரு ஈரக்கோடு.

உள்ளேயே வாஷரைச் சுற்றி சீலண்ட் (கசிவை அடைக்கும் பசை) பூசினேன். கசிவு நின்றது. நான் செய்த பெரிய தவறு அதுதான். தண்ணீர் நுழைந்தது கீழே, கீலும் படகின் உடலும் சேரும் விளிம்பில். மேலே அடைத்ததும் அது போல்ட்டைச் சுற்றியே தேங்கிவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய உப்புத் தண்ணீரில் அதற்கு எங்கே போவது?

அடுத்த முறை படகைக் கரையேற்றியபோது கீலையே இறக்கிவிட்டோம். அந்த போல்ட்டின் மேல்முனையும் நட்டும் புதிது போல மின்னின. இணைப்பு மட்டத்தில் மட்டும் அரித்து, பாதிக்குப் பாதி மெலிந்திருந்தது. கையில் வைத்துப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டுப் போனது. 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்த 'சீக்கி ராஃபிக்கி' படகில் இருந்த 4 பேரும் திரும்பி வரவில்லை. அதன் நினைவுதான் வந்தது.

எங்களுடையது இரும்புக் கீல், போல்ட்டுகளைத் திருகிக் கழற்ற முடிந்தது; எல்லாவற்றையும் மாற்றினோம். பழைய சீலண்டைச் சுரண்டி, இரும்பைப் பளபளவென்று தேய்த்து உடனே எபாக்சி பிரைமர் அடித்தோம். இணைப்பு நன்றாகக் காயும்வரை பொறுத்திருந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் ஈரத்தின் மேல் எதுவும் ஒட்டாது. அப்புறம் பாலியூரித்தேன் சீலண்டைத் தாராளமாகப் பூசி, சுற்றிலும் பிதுங்கி வரும்வரை படகைக் கீலின்மேல் இறக்கினோம். நட்டுகளை முதலில் லேசாகத்தான் முடுக்கினோம். சீலண்ட் இறுகிய பிறகு, படகின் பாரம் கீலில் இருக்கும்போதே, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு முடுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) முடுக்கினோம்.

தரைதட்டிய படகு என்றால், போல்ட்டோடு நின்றுவிடாமல் உள்ளே குறுக்குச் சட்டங்கள் உடலோடு ஒட்டும் இடங்களில் விரிசல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். உங்களில் யாராவது ஈயக் கீலில் போல்ட் மாற்றியிருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். அதில் பெரும்பாலும் போல்ட்டை ஈயத்தோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள், எங்களைப் போலத் திருகி எடுக்க முடியாது.