என் துப்பாக்கிக் குறி நிஜத்தில் தேறுமா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஜவுளி வியாபாரம். ராத்திரி வசூல் பணத்தோடு வீடு திரும்ப வேண்டும் என்பதால் லைசென்ஸோடு ஒரு .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானத்தில்) நிதானமாகச் சுட்டால் எல்லாம் குறி அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள்தான் விழுகிறது. கூட இருப்பவர்கள் "செம குறி" என்கிறார்கள். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. அட்டை நகராது, கத்தியோடு பாய்ந்து வராது. அதன் பின்னால் மண்மேடு. எங்கள் தெருவிலோ ஷேர் ஆட்டோவும் பானிபூரி வண்டியும். ஒரு சாண் தப்பினால் யார் மேல் படும்?

ஒலிம்பிக் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் கடைசிச் சுற்றில் 4 விநாடிக்குள் 5 குண்டு. அங்கேகூடத் துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருக்கும். எனக்கு உறையிலிருந்து எடுக்கும்போதே சட்டை மாட்டுகிறது. டபுள் ஆக்‌ஷனில் (சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுத்து வைக்காமல் டிரிக்கராலேயே சுடுவது) வேகமாக டிரிக்கரை இழுத்தால் குழல் முனை சாய்கிறது.

போலீஸ், ராணுவத்தில் இருந்தவர்கள், போட்டியில் சுடுபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: எந்தத் தூரத்தில், எத்தனை விநாடி வைத்து என்னை நானே சோதிப்பது? மூச்சு வாங்க ஓடிவிட்டுச் சுட்டுப் பார்த்தால் பதற்றத்தில் கை எப்படி இருக்கும் என்று ஓரளவாவது தெரியுமா? வீட்டில் டம்மி தோட்டா போட்டுப் பழகுவது பலன் தருமா?

சட்டம் வேண்டாம், தற்காப்பு உரிமை பற்றிய பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 34 முதல் 44 வரையிலான பிரிவுகளை வக்கீல் விளக்கிவிட்டார். அப்புறம், "இடுப்பில் இருந்தாலே எவனும் கிட்ட வரமாட்டான்" வகைப் பதில்களும் வேண்டாம். "தேறாது, பீரோவில் பூட்டி வை" என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லலாம்.