அம்மாவுக்குக் காலைச் சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது

வணக்கம். அம்மாவுக்கு வயது 62, டைப் 2 சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 மி.கி. காலை சாப்பாட்டுக்கு முன். வீட்டு குளுக்கோமீட்டரில் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 150, 160தான். வெறும் வயிற்றில் மட்டும் 170க்குக் கீழே வருவதில்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.4.

விடியற்காலையில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை விடும் என்று தெரியும். ஆனால் இரவில் தாழ்ந்துபோய் அப்புறம் ஏறுகிறதோ என்றும் சந்தேகம். 3 மணிக்கு எழுப்பி விரலில் குத்திப் பார்த்தவர்கள் உண்டா? (அம்மா திட்டுவார், அது வேறு.) இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துப் பலன் கண்டவர்களும் சொல்லுங்கள்.

மாத்திரை அளவை டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறோம். அவரிடம் காட்ட எந்தெந்த நேரத்து அளவுகளை எழுதிக்கொண்டு போகலாம்? பாகற்காய்ச் சாறு மட்டும் வேண்டாம், குடித்துப் பார்த்தாயிற்று.