சின்னமாமாவின் முப்பது வினாடிகள்

குழு: கல்லடி வீட்டார்
சனிக்கிழமை

மச்சாள் (ரொறன்ரோ) காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் லக்ரோஸ் விளையாட்டை வளர்த்தெடுத்த பயிற்றுவிப்பாளர்களையும் நடுவர்களையும் அடுத்த மாதம் ஒரு சிறிய விழாவில் கௌரவிக்கப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் அப்பாவின் பெயரும் இருக்கிறது. ஒவ்வொருவரைப் பற்றியும் வீட்டார் ஒருவர் இரண்டு நிமிடம் பேசவேண்டுமாம், நான் பேசுவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். அப்பா இங்கே செய்தவை எனக்குத் தெரியும். மட்டக்களப்பில் எங்கே தொடங்கினார் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் அவரிடம் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

அம்மா காலை 7:20
சின்னண்ணனுக்கு விழாவா! கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது மகள். வாவியில் இறால் பிடிக்கும் அத்தாங்கைத் தடியில் கட்டியது போல ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடும் ஒளிப்படத்தை முன்பு அனுப்பினாயே, அந்த விளையாட்டுத்தானா?

மச்சாள் (ரொறன்ரோ) காலை 7:31
அதேதான் மாமி. அந்த வலைக்குள் ஏறக்குறைய 145 கிராம் எடையுள்ள கெட்டியான இறப்பர் பந்து இருக்கும். கோடை வந்து பனிக்கட்டித் தளம் கரைக்கப்பட்டதும் அதே அரங்கின் சீமெந்துத் தரையில் பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல் காப்பாளரும் ஆடுவார்கள். பந்து கைக்கு வந்து முப்பது வினாடிக்குள் கோலை நோக்கி எறிந்தாகவேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த முப்பது வினாடி மணிக்கூட்டுக்குப் பின்னால்தான் அப்பா உட்கார ஆரம்பித்தார். எனக்கு ஒன்பது வயது. அன்று நேரம் பார்க்க வரவேண்டிய தொண்டர் வரவில்லை, ஆட்டம் நின்றுவிடும் என்ற நிலை. பார்வையாளர் வரிசையில் இருந்த அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய் மேசையில் அமர்ந்தார். விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாத மனிதர் எப்படி அவ்வளவு துணிவாகப் போனார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அண்ணன் (கல்முனை) காலை 7:48
மச்சாள், அதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. கூடைப்பந்தில் இப்போது 24 வினாடி என்றாலும், 1956 முதல் 2000 வரை சர்வதேச விதிப்படி அது முப்பது வினாடியாகவே இருந்தது. சின்னமாமா 1980களில் மட்டக்களப்பில் அந்த முப்பது வினாடிக்குத்தான் மணி அடித்தவர். பெயர் மாறிய அதே வேலையைத்தான் அங்கே பார்த்திருக்கிறார்.

அண்ணன் (கல்முனை) காலை 7:53
உன் உரைக்கு உதவும் என்றால் இதையும் சேர்த்துக்கொள். 1891இல் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒன்ராறியோவில் பிறந்தவர், மொன்றியலில் லக்ரோஸ் ஆடியவர். அவர் லக்ரோசில் இருந்து கூடைப்பந்துக்குப் போனார், சின்னமாமா வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறார்.

பெரியமாமா காலை 8:40
மகள், தேநீர் குடித்துவிட்டு ஆறுதலாக எழுதுகிறேன். எங்கள் ஊரில் கூடைப்பந்தைப் பற்றிப் பேசுவதென்றால் புனித மிக்கேல் கல்லூரியையும், நியூ ஓர்லீன்ஸ் பக்கமிருந்து வந்த இயேசு சபைத் துறவிகளையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. வெபர் மைதானம் என்று நாள்தோறும் சொல்கிறோமே, அது ஹரோல்ட் வெபர் அடிகளாரின் பெயர். ஒரு பயிற்றுவிப்பாளரை இந்த நகரம் கௌரவித்த விதம் அது. பொன்னாடை மறுநாள் அலுமாரிக்குள் போய்விடும், மைதானத்தின் பெயரோ பேருந்து நடத்துநரின் வாயில் நாளுக்குப் பத்துத் தடவை வரும். யூஜின் ஹெபர்ட் அடிகளாரும் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளராகவே பலருக்கு அறிமுகமானவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் உடன் வந்த சாரதியும் காணாமற்போயினர், இன்றுவரை அவர்களைப் பற்றிய தகவல் இல்லை. அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன். உன் தகப்பனுக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே விழா எடுப்பவர்களை அதனால்தான் மனதார வாழ்த்துகிறேன்.

தம்பி ஆட்டக்காரன் அல்லன், உயரம் போதாது. ஆனால் ஆட்டம் நடக்கும் இடத்தை விட்டு அவனால் விலகவும் முடியவில்லை. புள்ளித்தாள் எழுத ஆள் தேடியபோது கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவனை இருத்தினார்கள். மணியையும் பிறகு அவனிடமே கொடுத்தார்கள்.

அம்மா காலை 8:58
நிறுத்தற்கடிகாரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டார்கள். ஆகவே சின்னண்ணன் கிணற்றடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று முப்பது எண்ணிப் பழகுவார். நான் திண்ணையில் இருந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, இருபத்தெட்டு என்றோ முப்பத்திரண்டு என்றோ சொல்லவேண்டும். தலையில் வார்த்த தண்ணீர் சொட்டச் சொட்ட "இன்னும் ஒருமுறை" என்பார். அடுப்பில் சோறு குழைந்து நான் பேச்சு வாங்கிய நாட்களும் உண்டு. கடைசியில் கைக்கடிகாரமே இல்லாமல் சரியாக முப்பதில் கண்ணைத் திறப்பார்.

மச்சாள் (ரொறன்ரோ) காலை 9:05
மாமி, இதை நீங்கள் ஏன் இத்தனை காலம் எனக்குச் சொல்லவில்லை? இப்போதும் அவர் நுண்ணலை அடுப்பின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், நாங்கள் தூக்கம் என்று நினைத்திருந்தோம்.

மச்சாள் (ரொறன்ரோ) காலை 9:30
முதல் வரைவை எழுதிவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்: "அளப்பரிய சேவையாலும் தளராத அர்ப்பணிப்பாலும் லக்ரோஸ் விளையாட்டுக்குப் பெரும் பங்களிப்புச் செய்த என் தந்தையார் பலருக்கும் முன்மாதிரியாகத் திகழ்கிறார்."

பெரியமாமா காலை 9:41
மகள், கோபிக்காதே. இந்த வாக்கியத்தில் லக்ரோஸ் என்பதை எடுத்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கம் என்று போட்டாலும் பொருந்தும். எங்கள் ஊர் விழாக்களில் தேசகீர்த்தி, சாமஸ்ரீ என்று பட்டங்களை அடுக்கி, கடைசியில் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதே தெரியாமல் சனம் கலைந்து போவதை நான் நாற்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். கோல் போட்டவனைப் பற்றிப் பேசுவது சுலபம், எண்ணிக்கை இருக்கிறது. நடுவர் நன்றாகச் செய்தால் அவர் அங்கே நின்றதே யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே அவர் என்ன செய்தார் என்பதைச் சொல், எப்படிப்பட்டவர் என்பதைச் சனம் தானே விளங்கிக்கொள்ளும்.

நான் காலை 9:44
மச்சாள், அங்கே நடுவர்களுக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கும் இப்படி விழா எடுப்பது வழக்கமா, அல்லது இதுதான் முதல் தடவையா?

மச்சாள் (ரொறன்ரோ) காலை 9:58
வழக்கம் உண்டு மச்சான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள கனடிய லக்ரோஸ் புகழவையில் ஆட்டக்காரர்களைத் தவிர, விளையாட்டைக் கட்டியெழுப்பியவர்கள் என்று தனிப் பிரிவே இருக்கிறது. எங்கள் விழாவும் சிறிய அளவில் அதே எண்ணத்தில் எழுந்ததுதான். 1994இல் சட்டம் இயற்றி லக்ரோசைக் கோடைகாலத் தேசிய விளையாட்டாக்கிய நாட்டிலும் நடுவர் கிடைப்பது கஷ்டம். காரணம் பெற்றோர்தான். பதினைந்து வயதுப் பிள்ளை விசிலோடு முதன்முதலாகத் தளத்தில் இறங்கும், பெரியவர்கள் வேலிக்குப் பின்னால் நின்று கத்துவார்கள், அடுத்த வருடம் அந்தப் பிள்ளை வராது.

பெரியப்பா சொன்னபடி, அப்பா செய்ததை மட்டும் எழுதுகிறேன். மேசையில் இரண்டு பருவம் இருந்த பிறகு நடுவர் வகுப்புக்குப் போனார். தடியால் முன்னிருந்து தள்ளுவது எப்போது சரி, பின்னிருந்து தள்ளினால் எத்தனை நிமிடத் தண்டனை என்பதையெல்லாம் சமையலறையில் அகப்பையை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு விளக்குவார். பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதன் பின்தான் பெரிய வேலையைத் தொடங்கினார் என்று நான் நினைக்கிறேன். புதிதாக விசில் ஊதும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சிறிய நீலக் கொப்பியில் எழுதிவைத்து, அவர்களுடைய முதல் மூன்று ஆட்டங்களுக்கும் போய், கத்துகிற பெற்றோருக்கு நடுவில் தேநீர்க் குடுவையோடு அமர்ந்திருப்பார். யாராவது அளவுக்கு மீறினால் அவர்களுக்கும் ஒரு கோப்பை ஊற்றி நீட்டுவார். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளையிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்பார்: "இன்று எந்த முடிவை மறுபடி எடுக்க விரும்புவாய்?" அந்தக் கொப்பியில் இப்போது இருபத்திரண்டு பெயர்கள் இருக்கின்றன. பத்தொன்பது பேர் இன்னும் விசில் ஊதுகிறார்கள்.

பெரியமாமா காலை 10:06
உரை இதுதான் மகள். இதில் ஓர் எழுத்தையும் மாற்றாதே.

அண்ணன் (கல்முனை) காலை 10:15
அந்தக் கேள்வியை நான் திங்கட்கிழமையே என் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்கப்போகிறேன். எங்கள் மாவட்டத்திலும் பயிற்றுவிப்பாளருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது, கோடு பார்ப்பவருக்கு ஒரு சோடா கிடைக்கிறது.

மச்சாள் (ரொறன்ரோ) காலை 10:22
இன்னொன்று. இங்குள்ள பூர்வகுடிகளின் சிக்ஸ் நேஷன்ஸ் பகுதிக்கு ஆட்டம் பார்க்கப் போனால் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அரங்குக்குள் நுழைவார். லக்ரோஸ் அந்தப் பூர்வகுடிகளான ஹோடனோசோனி மக்களின் விளையாட்டு. படைத்தவன் தந்த கொடை என்றும், நோயுற்றவருக்காக ஆடும் மருந்து என்றும் அவர்கள் கருதுகிறார்கள். இதை உரையில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பெரியமாமா காலை 10:37
உன் தகப்பனுக்கு அது புதிதாக இருந்திருக்காது. மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் கண்ணகை அம்மனைக் குளிர்விக்க, ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளைக் கோத்து இழுத்து முறிக்கும் கொம்புமுறி ஆடிய மண் இது. விளையாட்டு மருந்தாகவும் இருக்கலாம் என்பதை எங்கள் பாட்டனுக்கும் யாரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. இந்த அளவில் சொன்னால் போதும்.

அம்மா காலை 10:50
இறுதி ஆட்டத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புள்ளி பின்னால் நிற்கும்போது உங்கள் அப்பா எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது, அதற்கு முன்பே சின்னண்ணன் மணியை அடித்துவிட்டார். நடுவர் புள்ளியை ரத்துச் செய்தார். தன் கூட்டாளி, தன் அணி என்று அவர் பார்க்கவில்லை. உங்கள் அப்பா மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. என்னைப் பெண் கேட்க வரவேண்டியிருந்ததால்தான் பேச்சே திரும்பியது.

சின்னமாமா (ரொறன்ரோ) காலை 11:02
வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் என்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் போலும். மகள், இரண்டு திருத்தங்கள். அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர் இந்த வருடம் படிப்புக்காக விலகியிருக்கிறார், ஆகவே பதினெட்டு என்று சொல். அடுத்தது, விழா நாளில் ஆறு மணிக்குப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவரின் முதல் ஆட்டம் இருக்கிறது. அது முடிந்த பிறகுதான் நான் மண்டபத்துக்கு வருவேன், என் பெயரைக் கடைசியில் அழைக்கச் சொல்.

அப்பா காலை 11:09
மச்சான், விழாவுக்கு என் வாழ்த்துக்கள். ஆனால் அன்று மணி அடிக்கும்போது பந்து என் கையை விட்டுப் போயிருந்தது.

சின்னமாமா (ரொறன்ரோ) காலை 11:10
போகவில்லை, மச்சான்.