புதுப்பிப்பு: எல்.சி.யில் சென்னை, பி.எல்.லில் காட்டுப்பள்ளி

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் சரக்குக்கு எல்.சி.யின் (வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) 44இ கட்டத்தில், அதாவது கப்பலில் ஏற்றும் துறைமுகத்துக்கான கட்டத்தில், ஏற்றுமதித் துறைமுகம் எழுதுவது பற்றி முந்தைய இழையில் பார்த்தோம். அதில் விடுபட்டவை இவை.

44இ-யில் ‘சென்னை’ என்றிருந்து, கன்டெய்னர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஏறினால் அது வங்கி ஏற்க மறுக்கக்கூடிய முரண்பாடுதான். இரண்டும் பக்கத்தில்தானே என்ற வாதம் வங்கியில் எடுபடாது; அவர்கள் பார்ப்பது காகிதத்தை மட்டும். ஆகவே ‘இந்தியாவின் எந்தத் துறைமுகமும்’ என்று எல்.சி.யில் திருத்தம் வாங்கிவிடுங்கள், அதுவும் சரக்கு கிளம்புமுன். அப்போதும் பி.எல்.லில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) உண்மையில் ஏற்றிய துறைமுகத்தின் பெயர் வர வேண்டும். எல்.சி. வாசகத்தை அப்படியே நகலெடுத்தால் வங்கியிலிருந்து ஆவணம் திரும்பி வரும். துறைமுகத்தோடு நாட்டின் பெயர் இல்லாவிட்டால் பாதகமில்லை, வங்கிகள் ஆவணங்களைச் சரிபார்க்கும் சர்வதேச நடைமுறைத் தொகுப்பான ஐ.எஸ்.பி.பி. அதை அனுமதிக்கிறது.

அதிகம் சிக்குவது இங்கேதான்: பி.எல்.லில் சரக்கைப் பெற்ற இடம் ராணிப்பேட்டை, ப்ரீ-கேரேஜ் (துறைமுகம் வரை கொண்டுவரும் வண்டி) கட்டத்தில் லாரி என்று நிரப்பினால், அச்சிட்ட ‘ஷிப்டு ஆன் போர்டு’ (கப்பலில் ஏற்றப்பட்டது) வாசகம் மட்டும் போதாது. ஏற்றிய தேதி, கப்பல் பெயர், துறைமுகம் மூன்றும் உள்ள தனிக் குறிப்பு வேண்டும். எல்.சி. கேட்காதபோது அந்த இரு கட்டங்களையும் காலியாக விடச் சொல்லி, டிராஃப்ட் பி.எல்.லிலேயே சரிபார்த்துவிடுங்கள்.