கலைச்சொல் விவாதம்: ‘காயில்ஓவர்’ என்பதை ‘வில்சூழ் தணிப்பி’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

1967 முதல் 1972 வரை வெளிவந்த செவர்லே சி10 பிக்கப்பைத் தாழ்த்தி, அதன் பின்புறத்தில் காயில்ஓவர் (எண்ணெய் உருளையான அதிர்வேற்பியைச் சுற்றிச் சுருள்வில் அமைந்த ஒரே உறுப்பு) பொருத்தும் முறையைத் தமிழில் எழுதிவரும் ஐயா அவர்கள், அவ்வுறுப்புக்கு என்ன பெயர் இடலாம் என்று கேட்டிருந்தார். இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: ‘மேற்சுருள்’, ‘சுருள்வில் அதிர்வேற்பி’, ‘உயரமாற்றித் தொங்கல்’. மூன்றையும் அவருடைய வரைவின் வாக்கியங்களுக்குள் இட்டுப் பார்த்தேன். செய்முறைக் குறிப்பில் வரும் சொல்லுக்கு அதைவிடக் கறாரான சோதனை வேறில்லை. மூன்றுமே ஏதாவது ஓரிடத்தில் வேலையைத் தவறாகச் சொல்லிவிடுகின்றன.

‘மேற்சுருள்’ என்பதை விரைவாகவே ஒதுக்கிவிடலாம். ஆங்கிலப் பெயரின் பிற்பாதியை அப்படியே பெயர்த்ததால் வந்த சொல் அது. சுருள்வில் உருளையைச் சுற்றி, அதே நடுக்கோட்டில் அமர்ந்திருக்கிறதேயன்றி அதன் தலைமேல் ஏறி நிற்கவில்லை. மேற்சுருளைப் படித்த வாசகர் கீழ்ச்சுருளைத் தேடத் தொடங்கினால் குற்றம் அவருடையதன்று.

‘சுருள்வில் அதிர்வேற்பி’ காதுக்கு இயல்பாக இருக்கிறது. ஆனால் குறிப்பாக இந்த வண்டியில்தான் அது இடறுகிறது. அக்காலத்துப் பிக்கப்புகள் பலவற்றில் பின்னச்சைத் தாங்கியவை, எஃகுப் பட்டைகளை அடுக்கிய பட்டைவில் கட்டுகள். சி10-இல் 1960 ஆம் ஆண்டிலேயே பின்புறத்துக்குச் சுருள்வில் வந்துவிட்டது. பட்டைவில் விருப்பத்தேர்வாகவும் கிடைத்தது. சுருள்வில் வண்டியில், நடுப்பகுதியிலுள்ள குறுக்குச்சட்டத்திலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு கரங்கள் அச்சைப் பிடித்துக்கொள்ள, அக்கரங்களின்மேல் வில் உட்கார்ந்திருக்கும். அதிர்வேற்பி சற்றுத் தள்ளித் தனியே நிற்கும். ஆக, சுருள்வில்லும் அதிர்வேற்பியும் அந்த வண்டியில் ஏற்கெனவே உள்ளவை. ஐயா விவரிக்கும் வேலையே, தனித்தனியாக நின்ற அவ்விரண்டையும் கழற்றிவிட்டு, இரண்டும் ஒன்றாகிவிட்ட ஓர் உறுப்பை மாட்டுவதுதான். ‘சுருள்வில்லையும் அதிர்வேற்பியையும் கழற்றிவிட்டுச் சுருள்வில் அதிர்வேற்பியைப் பொருத்துக’ என்று எழுதினால், கழற்றியதையே மறுபடி மாட்டச் சொன்னதாக ஆகிறது.

‘உயரமாற்றித் தொங்கல்’ பட்டறை வழக்கை ஒட்டி வந்திருக்க வேண்டும். இங்கே சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சின் மிங் பக்கத்துப் பட்டறைகளில் அதிர்வேற்பியை ‘அப்சோபர்’ என்பார்கள். காயில்ஓவரை ‘அட்ஜஸ்டபல்’ என்று சொல்பவர்களும் உண்டு. ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது பொருளைக் கையில் எடுத்தால் விளங்கிவிடும். உருளையின் வெளிப்புறத்தில் மரை வெட்டியிருக்கும். அதில் அலுமினிய வளையம் ஒன்று ஏறி இறங்கும். வில்லின் ஒரு முனை அதன்மீதுதான் அமர்கிறது. கொக்கிபோல் வளைந்த ஸ்பேனரை வளையத்தின் விளிம்பிலுள்ள காடியில் மாட்டித் திருப்பினால் வண்டி உயரும் அல்லது தாழும். அடியிலுள்ள இன்னொரு வளையம் பூட்டாக நின்று முதலாவதை நழுவவிடாமல் பிடிக்கும். எனினும் உயரத்தை மாற்றுவது காயில்ஓவரின் தனிப்பண்பாகாது. தாழ்த்திய பிக்கப்புகளில் பரவலாகக் காணப்படும், வில்லுக்குப் பதிலாக நிற்கும் காற்றுப்பையும் அதையே செய்கிறது, அதுவும் ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழாமலேயே. மரை வெட்டாத, உயரம் மாற்ற முடியாத காயில்ஓவர்களும் உண்டு. மாறுவது எது என்பதைப் பெயராக்கினால், மாறாத வகைக்குப் பெயரில்லாமல் போகும்.

இனி ‘அதிர்வேற்பி’ என்ற பகுதிக்கு வருகிறேன். என்னுடைய மறுப்பு முக்கியமாக இதன்மேல்தான். சாலையின் மேட்டில் சக்கரம் ஏறும்போது அந்த அதிர்ச்சியை முதலில் ஏற்பது வில். அது உள்வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தள்ளும். தடுக்க எதுவும் இல்லையென்றால், ஆள் இறங்கிய பிறகும் ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலைப்போல வண்டி மேலும் கீழும் ஆடும். எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் நகரும் உந்துதண்டு, அந்த எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கி, ஆட்டத்தை வெப்பமாக மாற்றித் தணிக்கிறது. ஏற்பது ஒன்று, தணிப்பது மற்றொன்று. இரண்டும் தனித்தனியாக நிற்கும் வண்டியில் ‘அதிர்வேற்பி’ என்ற பெயரால் பெரிய குழப்பம் நேராது; அகராதிகளில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இரண்டையும் ஒரே உடலில் கொண்ட உறுப்புக்குப் பெயரிடும்போது, ஏற்கும் பகுதி எது, தணிக்கும் பகுதி எது என்பதைச் சொல் பிரித்துக் காட்டியாக வேண்டும். பிரிட்டிஷ் பொறியாளர்கள் ‘டேம்பர்’ என்று எழுதுவதும் இதே தெளிவைத் தருகிறது. ஆகவே உருளையைத் ‘தணிப்பி’ என்றே சொல்லலாம்.

என் பரிந்துரை ‘வில்சூழ் தணிப்பி’. வில் சூழ்ந்த தணிப்பி என விரியும் இந்த அமைப்பு நமக்குப் புதிதன்று. கடல்சூழ் நாட்டில் வாழும் நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. சூழ்வது முதலிலும், சூழப்படுவது இறுதியிலும் வருவதால் எது உள்ளே, எது வெளியே என்பது சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது. ‘விற்சூழ்’ என்று புணர்த்த வேண்டாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். வேற்றுமை அல்லாத அல்வழிப் புணர்ச்சியில் உறழ்ச்சியை, அதாவது எழுத்து மாறுவதையும் மாறாமல் நிற்பதையும், இலக்கணம் ஏற்பதாலும், ‘கடற்சூழ்’ என்று நாம் எழுதுவதில்லை என்பதாலும் இயல்பாகவே விடலாம். முதல் தடவை முழுச்சொல்லையும், பிறகு ‘வில்தணிப்பி’ என்ற குறுக்கத்தையும் எழுதலாம். ‘சூழ்வில்’ இன்னும் சுருக்கமாக இருக்குமே என்று எனக்கே ஓர் ஆசை எழுந்தது. ஆனால் ‘சூழ்வில் பொருத்துக’ என்று எழுதிப் பார்த்தால் ‘சூழ்வு’ என்ற சொல் இடவேற்றுமை ஏற்று நிற்பதாகவும் படிக்க முடிகிறது. வேண்டாம்.

ஐயாவின் வரைவிலிருந்து கடினமான பகுதியை எடுத்துக்கொண்டு சொல்லைச் சோதிக்கிறேன். ‘வில்தணிப்பிகள் இரண்டும் மேல்முனையில் உட்புறமாகச் சாய்ந்து, இருபுறமும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும், சாய்வு கூடக்கூட வில்லின் பயன்விறைப்பு, கோணத்தின் கோசைன் மதிப்பினது வர்க்கத்தின் அளவுக்குக் குறையும். அங்குலத்துக்கு 200 பவுண்டு விறைப்புள்ள வில், 15 பாகை சாய்வில் ஏறத்தாழ 187 பவுண்டாகவும், 30 பாகையில் 150 பவுண்டாகவும் வேலை செய்யும்.’ இங்கே விறைப்பு வில்லுக்கு உரியது, சாய்வு முழு உறுப்புக்கும் உரியது. சொல் இரண்டையும் கலக்கவில்லை. அடுத்து: ‘வண்டி தன் எடையில் நிற்கும்போது தணிப்பியின் ஓட்டத்தில் (உந்துதண்டு நகரும் முழுத் தூரத்தில்) மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை அமுங்கியிருக்க வேண்டும், வளையத்தைத் திருப்புமுன் வண்டியைத் தூக்கி வில்லின் பளுவை நீக்குக, மரையைத் துடைத்து இறுகாமைப் பசை தடவுக.’ இங்கே ‘தணிப்பி’, ‘வில்’ என்று தனித்தனியே நிற்க வேண்டிய இடங்களில் அவை தடையின்றிப் பிரிந்து வருகின்றன. ‘அதிர்வேற்பி’யை வைத்திருந்தால் இந்த வசதி இருந்திராது.

பட்டைவில் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்காக ஒரு பத்தியை ஐயா சேர்ப்பது நல்லது. பட்டைவில் பளுவைத் தாங்குவதோடு அச்சை முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் நகராமல் பிடித்துவைக்கிறது. வில்தணிப்பிக்கு அந்தத் திறன் இல்லை. அது தன் இரு முனைகளிலுள்ள பொருத்துகண்களுக்கும் இடையே நேர்கோட்டில் மட்டுமே வேலை செய்யும். பட்டைவில்லைக் கழற்றுபவர், அச்சைப் பிடிக்கக் கரங்களையும் பக்கவாட்டுத் தண்டையும் முதலில் அமைக்காவிட்டால், அச்சு தன் போக்கில் போய்விடும்.

இச்சொல்லை யார் சொல்லப்போகிறார்கள் என்ற கேள்விக்கும் ஒரு வரி. இங்கே வண்டி வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய ‘வாகன உரிமைச் சான்றிதழ்’ அதைவிட நீளமானது. மாதம் இரண்டு முறை ஏலம் நடந்து, ஒவ்வொரு முறையும் அது செய்தியில் வந்ததால் இன்று யாரும் தயங்காமல் சொல்கிறார்கள். பட்டறையில் ‘அட்ஜஸ்டபல்’ தொடரட்டும். எழுத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஆண்டால் போதும்.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. தாழ்த்திய வண்டியில் பின்னச்சு மேலேறும்போது அடிச்சட்டத்தில் இடிக்காதபடி சட்டத்தை அரைவட்டமாக வெட்டி, வலுவூட்டும் தகட்டை வைத்துப் பற்றவைக்கும் வேலையைச் ‘சி-நாட்ச்’ என்கிறார்கள். ஆங்கில எழுத்தின் வடிவை நாம் சுமக்கத் தேவையில்லை. ‘பிறைவெட்டு’ என்றால் வெட்டின் வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது. இது வண்டியின் முதுகெலும்பில் செய்யும் வெட்டு என்பதால், சிங்கப்பூரில் பதிவுபெற்ற எந்த வண்டியிலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் எவரும் கை வைக்கக்கூடாது என்ற குறிப்பையும் அடியில் சேர்த்துவிடுங்கள். அச்சு கடைசியாக வந்து மோதும் ரப்பர்க் கட்டைக்கு ‘மோதுகட்டை’, வில் அமரும் வளையத்துக்கு ‘மரைவளையம்’, அதைப் பிடிப்பதற்குப் ‘பூட்டுவளையம்’ போதும்.

அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ‘பானார் தண்டு’ மட்டும் பெயர் மாறாமல் இருக்கட்டும். அது பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரால் வழங்குவது. பொருள்பெயர்ப்புக்கு அதில் இடமில்லை. ஆனால் அதைப் பற்றிய வாக்கியத்தை ஐயா திருத்த வேண்டும். வண்டியைத் தாழ்த்திய பின் அத்தண்டு சாய்ந்துபோய் அச்சை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. ஆகவே ‘தண்டை மீண்டும் பொருத்துக’ என்பதற்குப் பதிலாக, ‘வண்டி நிற்கும் உயரத்தில் தண்டு கிடைமட்டமாக இருக்கும்படி அதன் பிடிப்பிடத்தை மாற்றுக’ என்று எழுத வேண்டும்.